பொருள்: கோவிலடிக் கிணற்றின் நீர் அறிக்கையும் இயந்திரத்துக்கான பணமும்

அன்புள்ள ஊரவர்களுக்கு,

வணக்கம். கிணற்று நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கக் குடும்பத்துக்கு 150 டொலர் கேட்டுப் பொருளாளர் அண்ணா அனுப்பிய மடலையும், அறிக்கையில் எல்லாம் எல்லைக்குள் இருக்கும்போது பணம் எதற்கு என்று மெல்பேண் தம்பி கேட்டதையும், அதன் பிறகு இருவரும் பழைய தேர்முட்டிக் கணக்கைக் கிளறியதையும் வாசித்தேன். தேர்முட்டியை விட்டுவிடுவோம். ஆவணியில் ஊருக்குப் போனபோது அந்தக் கிணற்று நீரைப் போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்தில் கொடுத்தவன் நான் என்பதால் இதை எழுதுகிறேன்.

உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நீரில் சேரும் நைத்திரேற்று என்ற உப்புக்கு அறிக்கையில் உள்ள 14 என்ற எண்ணை, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமுடன் தம்பி ஒப்பிட்டிருக்கிறார். ஆனால் அந்த வரியின் தலைப்பில் ‘நைத்திரேற்று, நைதரசனாக’ என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. 50 என்பது நைத்திரேற்று முழுவதன் எடை. 14 அதிலுள்ள நைதரசனின் எடை மட்டுமே. 4.43ஆல் பெருக்கினால்தான் இரண்டும் ஒரே அலகுக்கு வரும். பெருக்கினால் லீற்றருக்கு 62 மில்லிகிராம்.

பெரியவர்களை இது உடனே வீழ்த்தாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த நீரில் மாப்பால் கரைத்துக் கொடுக்கும்போதுதான், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து இருக்கிறது. அக்காவின் மருமகள் தன் குழந்தைக்காக இந்தத் தண்ணீரை அரைமணி நேரம் கொதிக்க வைப்பதைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறியது. அறிக்கையில் ஈகோலி என்ற மலக்கிருமியும் இருப்பதால் மற்றவர்கள் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். ஆனால் கொதித்து நீர் வற்ற வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடுமே தவிரக் குறையாது. குளோரீனும் அதை அகற்றாது.

நாங்கள் குடித்து வளர்ந்த தண்ணீர், அதைக் குறை சொல்வதா என்று லண்டன் பெரியப்பா கோபித்திருக்கிறார். பெரியப்பா, துலாவில் அள்ளி நீங்கள் எனக்கு வார்த்த தண்ணீரின் குளிர்ச்சியை நானும் மறக்கவில்லை. ஆனால் அன்று ஆறு பரப்புக் காணியில் ஒரு வீடும் ஒரு கிணறும் இருந்தன. இன்று அதே காணி சீதனத்தில் மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிணறும், சில அடி தள்ளி அடி பூசாத மலசலகூடக் குழியும் இருக்கின்றன. வெங்காயத்துக்கு இடும் யூரியாவும் சேர்ந்து, வெடிப்பு நிறைந்த நம் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக வடிபடாமலே கீழே இறங்கிவிடுகிறது.

சுன்னாகத்து மின்நிலையத்திலிருந்து கிணறுகளில் கலந்த கழிவெண்ணெய் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்த அந்த விவகாரம் வேறு. எண்ணெய்க்கு இந்த அறிக்கையில் சோதனையே செய்யப்படவில்லை.

ஆகவே இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய் நம் தெருவுக்கு வரும்வரை அது உதவும். ஆனால் விலைமனுவில் நீரை வடிக்கும் சவ்வான மெம்பிரேனை மாற்றும் செலவும் மின்கட்டணமும் இல்லை. அதைவிடப் பெரிய குறை, இயந்திரம் கழித்துவிடும் நீர் எங்கே போகும் என்பது அதில் இல்லாததுதான். அகற்றிய நைத்திரேற்று முழுவதும் செறிந்திருக்கும் அந்த நீரைக் கோவில் வளவிலேயே குழி வெட்டி விட்டால், நம் காசில் சுத்தம் செய்த அழுக்கை நாமே கிணற்றுக்குத் திருப்பி அனுப்புவோம். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை முற்பணம் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மழை யூரியாவைக் கரைத்து இறக்கிய பிறகு மார்கழியில் இன்னொரு மாதிரி எடுக்கவும் வேண்டும்.

கைக்குழந்தை உள்ள மூன்று வீடுகளுக்கும் போத்தல் தண்ணீர் வாங்க இன்று காலை பணம் அனுப்பிவிட்டேன். பொருளாளர் அண்ணா, அதைச் சங்கக் கணக்கில் எழுத வேண்டாம். பிறகு அதற்கும் ஒருவர் பற்றுச்சீட்டுக் கேட்பார்.

அன்புடன்,
பழைய செயலாளர்