புதுப்பிப்பு: பின்பக்க நாக் சென்சார் ஒருவழியாக மாற்றியாயிற்று

சென்ற மாதம் என் 2003 மாடல் பிக்கப்பைப் பற்றி இங்கே புலம்பியிருந்தேன்; ஒயரை மட்டும் மாற்றினால் போதும் என்று சிலர் சொன்னீர்கள். 5.3 லிட்டர் வி8 எஞ்சின். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை, பின்பக்க நாக் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று சொல்லும் பி0332 குறியீடு, மேட்டில் இழுவை இல்லை. நாக் சென்சார் என்பது எஞ்சினுக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும்போது எழும் தட்டலை உணரும் கருவி. அது பேசாமல் போனால் எஞ்சின் கம்ப்யூட்டர் பயந்துபோய்த் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளிவிடும். இழுவை குறைந்தது அதனால்தான்.

சனிக்கிழமை இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பாகத்தை, கழற்றினேன். சென்சார்கள் இரண்டும் அதன் அடியில், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உள்ள எஞ்சின் பள்ளத்தில், ஆளுக்கொரு குழிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஒருமுறையாவது அதைக் கழற்றிப் பார்த்திருப்பாரா?

முன்பக்க சென்சார் புதிதுபோல் இருந்தது. பின்பக்கக் குழியில் தண்ணீர் தேங்கித் துருக்குழம்பாகிவிட்டது. துரு உள்ளே விழாமல் இன்டேக் துளைகளில் துணியை அடைத்தேன், குழியை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினேன், துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஒரு இரவு விட்டேன். மறுநாள் 22 மி.மீ. அளவு கொண்ட நீளமான சாக்கெட் ஸ்பேனருக்குச் சென்சார் அசைந்து கொடுத்தது.

ஒயரை மட்டும் மாற்றச் சொன்ன நண்பர்களே, ஒயரையும் மாற்றினேன். இரண்டு சென்சார்களும் மேனிஃபோல்டு கேஸ்கெட்டும் புதியவை. சென்சாருக்கு 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். மேனிஃபோல்டு போல்ட்டுகளை முதலில் 5, பிறகு 10 நியூட்டன் மீட்டர் என்று இரண்டு சுற்றில் இறுக்கினேன். பின்பக்கக் குழியைச் சுற்றி சிலிக்கோன் வரப்பு கட்டி, ஈரம் வெளியேற ஒரு பக்கம் திறந்துவிட்டிருக்கிறேன்.

அடைத்த துணிகளை எண்ணி எடுங்கள். நான் எட்டு வைத்து, ஏழு எடுத்துவிட்டு மேனிஃபோல்டைத் தூக்கி மேலே வைத்துவிட்டேன்; நல்லவேளை, போல்ட் போடுவதற்கு முன் நினைவு வந்தது.

விளக்கு எரியாமல் ஒன்பது நாள் ஆகிறது.