22 பேரில் 13 பேருக்குக் காது கேட்கவில்லை என்கிறது டேப்லெட், உதவி வேண்டும்

ஏற்காடு டீச்சர்:
வணக்கம். ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். காது சோதனைக்கென்று டேப்லெட்டும் ஹெட்போனும் கொடுத்திருக்கிறார்கள். சத்தம் கேட்டால் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். முடிவு நெட் வழியாகச் சேலத்து ஆடியாலஜிஸ்ட்டுக்கு (காது கேட்கும் திறனைப் பார்க்கும் நிபுணர்) போகும். நேற்று மூன்றாம் வகுப்பில் 22 பேரைச் சோதித்தேன், 13 பேருக்கு ‘மறுசோதனை’ என்று வந்தது. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறவனும் அதில் ஒருவன்! இங்கே சிக்னல் ஒரு கோடுதான். அதனால் சத்தம் விட்டுவிட்டுப் போகிறதா? 13 பேரையும் 20 கொண்டை ஊசி வளைவு இறக்கி அனுப்பினால், தோட்டத்தில் ஒரு நாள் கூலி போனதென்று பெற்றோர் என்னைத்தான் கேட்பார்கள்.

சேலம் ஆடியாலஜிஸ்ட்:
நெட்டைத் திட்டாதீர்கள் டீச்சர். இந்த மாதிரி ஆப்களில் ஒலி டேப்லெட்டுக்குள்ளேயே உண்டாகிறது. நெட்டில் போவது முடிவு மட்டும்தான். எந்த ஹெர்ட்ஸில், அதாவது தாழ்ந்த ஒலியிலா உயர்ந்த ஒலியிலா, கேட்காமல் விட்டார்கள்? கூரை என்ன? ஹெட்போன் அதோடு வந்ததுதானா?

ஏற்காடு டீச்சர்:
11 பேர் இரண்டு காதிலும் 500 ஹெர்ட்ஸில் விட்டார்கள். தகரக் கூரை, நல்ல மழை, ஃபேனும் ஓடியது. அப்புறம்... வந்த ஹெட்போன் வயர் பிய்ந்துவிட்டது. என் மகனுடைய ப்ளூடூத்தை மாட்டினேன்.

சேலம் ஆடியாலஜிஸ்ட்:
அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். சத்தத்தின் அளவு 20 டெசிபல் என்று திரையில் காட்டுவது, அளவு பார்த்துப் பொருத்திய ஹெட்போனுக்கு மட்டுமே உண்மை. வேறொன்றை மாட்டினால் 10 போகிறதா, 35 போகிறதா, யாருக்கும் தெரியாது. அதனால் ‘தேறிய’ 9 பேரையும் சேர்த்து மறுபடி பாருங்கள். ஃபேன் இரைச்சல் முதலில் விழுங்குவது 500 போன்ற தாழ்ந்த ஒலியைத்தான். தகரத்தில் விழும் மழையோ எல்லாவற்றையும் மூடும். தினமும் தொடங்குமுன் நீங்களே மாட்டிக் கேளுங்கள். உங்களுக்கே கேட்காவிட்டால் அன்றைக்குச் சோதனை வேண்டாம்.

ஓமலூர் நர்ஸ்:
கையைத் தூக்கச் சொன்னால் பிள்ளைகள் உங்கள் விரலைப் பார்த்துத் தூக்குவார்கள். திரை தெரியாதபடி உட்கார வைத்து, சத்தம் கேட்டால் டம்ளரில் ஒரு புளியங்கொட்டை போடச் சொல்லுங்கள். சளி, குறும்பி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு ஆசிரியர்:
தேறும்வரை திரும்பத் திரும்ப வைத்தால் போதாதா?

சேலம் ஆடியாலஜிஸ்ட்:
கூடாது சார். பத்து முறை வைத்தால் குருட்டாம்போக்கில் யாரும் தேறுவார்கள். குறையிருக்கிற பிள்ளையும் தப்பிவிடும்.

ஏற்காடு டீச்சர் (ஒன்பது நாள் கழித்து):
சரியான ஹெட்போன் வந்தது. மழையில்லாத காலையில், ஓட்டுக் கூரை போட்ட பழைய அலுவலக அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு 22 பேரையும் பார்த்தேன். மூன்று பேர்தான் மிச்சம். இரண்டு பேருக்கு மூக்கு ஒழுகுகிறது. மூன்றாவது பிள்ளைக்கு இடது காதில் மட்டும் 4000 ஹெர்ட்ஸ், அதாவது உயர்ந்த ஒலி, கேட்கவில்லை. முதல் நாள் இவள் ‘தேறியவள்’! சொன்னதைக் கேட்கமாட்டாள் என்று நானே பலமுறை அதட்டியிருக்கிறேன். இப்போது வலது காது என் பக்கம் இருக்கும்படி முன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன்.

சேலம் ஆடியாலஜிஸ்ட்:
சளிப் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம். சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள், காது வலித்தாலோ சீழ் வந்தாலோ காத்திருக்காதீர்கள். அந்தப் பெண்ணை மட்டும் இப்போதே முழு ஆடியோமெட்ரிக்கு (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) அனுப்புங்கள். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளுக்கான அரசு உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) குழுவிடம் சொன்னால் பரிந்துரைச் சீட்டு எழுதித் தருவார்கள். 18 வயதுவரை அதில் செலவில்லை.

ஏற்காடு டீச்சர்:
அவள் அம்மாவிடம் பேசிவிட்டேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நானும் கூடப் போகிறேன்.