டிவிக்குத் துணையாக ஒரு ஜோடி ஆக்டிவ் ஸ்பீக்கர்: வாங்கியவர்களின் அனுபவங்கள்

வேளச்சேரியிலிருந்து

எங்கள் ஹால் 10க்கு 14 அடி. 43 அங்குல டிவி சுவரோடு ஒட்டினாற்போல் தொங்குகிறது. மெல்லிய டிவிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பீக்கர் தரையைப் பார்த்திருக்கும், இல்லையென்றால் பின்சுவரைப் பார்த்திருக்கும். உட்கார்ந்திருக்கும் நம்மை மட்டும் பார்க்காது. பின்னணி இசை முழங்கும், வசனம் காதில் ஏறாது. ஆம்ப்ளிஃபயர் தனி, ஸ்பீக்கர் தனி என்று வாங்க இடமும் இல்லை, காசும் இல்லை. ஆம்ப் உள்ளேயே இருக்கிற ஆக்டிவ் ஸ்பீக்கர்தான், அதுவும் 12,000 ரூபாய்க்குள் என்று முடிவு செய்துகொண்டு, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன்.

முதல் கடையில் எடுத்துக் காட்டிய அட்டைப்பெட்டியில் வாட் நான்கு இலக்கத்தில் இருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் 'பிஎம்பிஓ', அதாவது ஒரு நொடிகூட நிலைக்காத உச்ச அளவு. "ஆர்எம்எஸ் எவ்வளவு?" என்று கேட்டேன். கடைக்காரர் பதில் சொல்லாமல் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். எங்களுக்குள் அதற்குமேல் பேச்சு தேவைப்படவில்லை. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்வது ஆர்எம்எஸ் மட்டுமே. அதிலும் ஒரு கணக்கு உண்டு: வாட் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். 42 வாட்டா 60 வாட்டா என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

வாங்கியது எடிஃபையர் ஆர்1280டிபி. மொத்தம் 42 வாட் ஆர்எம்எஸ், தாழ்ந்த ஒலிக்கான 4 அங்குல ஊஃபர், ப்ளூடூத், ஒலியை வெளிச்சமாக அனுப்பும் ஆப்டிகல் வயருக்கான துளை, ஒரு ரிமோட். வசனம் இப்போது தெளிவாகக் கேட்கிறது, அதுவே போதும். பேஸ், ட்ரெபிள், வால்யூம் திருகுகள் ஒரு பெட்டியின் பக்கவாட்டில் இருக்கின்றன. டிவி அலமாரியின் தட்டுக்குள் இறுக்கி வைத்தால் விரல் நுழையாது. அளவெடுக்கிறவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் என்ன வாங்கினீர்கள்?

கும்பகோணத்திலிருந்து

நான் டிவிக்காக வாங்கவில்லை. சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து கச்சேரி கேட்க வாங்கினேன். கடையில் அவர்களாகப் போடுகிற பாட்டை நம்பக் கூடாது. எந்த ஸ்பீக்கரிலும் எடுபடுகிற பாட்டாகத்தான் அது இருக்கும். பென்டிரைவில் ஒரு தனி ஆவர்த்தனம், அதாவது கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி, கொண்டு போனேன். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை எல்லாவற்றிலும் சுத்தமாகவே விழுகிறது. தாழ்ந்த நாதம் தரும் இடப்பக்கத் தொப்பிதான் பரீட்சை. மணிக்கட்டை அழுத்தி இழுக்கும்போது நாதம் கீழிருந்து வளைந்து எழ வேண்டும். 3 அங்குல ஊஃபரில் 'டப்' என்று அடித்து நின்றுவிட்டது. 5 அங்குலத்தில்தான் அந்த வளைவு கிடைத்தது.

அப்படித்தான் ஒலிப்பதிவுக் கூடங்களில் வைக்கும் ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர் பக்கம் போனேன். வேளச்சேரி நண்பர் வாங்கியிருப்பது போன்றவற்றில் ஆம்ப் ஒரு பெட்டியில் இருக்கும், மற்றதற்கு வயர் போகும். மானிட்டரில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி ஆம்ப். அதற்குள்ளும் ஊஃபருக்கு ஒன்று, உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டருக்கு ஒன்று. யமஹா எச்எஸ்5-ஐ எடுத்துக்கொண்டால் 5 அங்குல ஊஃபருக்கு 45 வாட், ட்வீட்டருக்கு 25 வாட். இசைக்கு அருமை, வசதிக்குச் சிரமம். இரண்டு பிளக், இரண்டு வால்யூம் திருகு, அவையும் முதுகுப்பக்கம். ரிமோட் கிடையாது. ஹாலில் வைக்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று: இந்த வகையில் விலை குறைந்த சிலவற்றில், பாட்டு ஓடாதபோது ட்வீட்டரிலிருந்து 'ஸ்ஸ்' என்ற மெல்லிய இரைச்சல் வரும். எட்டடி தள்ளி உட்கார்ந்தால் தெரியாது. கட்டில் பக்கத்தில் வைத்தால் தூக்கம் போய்விடும்.

கோயம்புத்தூரிலிருந்து

ஆம்ப், ஸ்பீக்கர் பழுது பார்ப்பது என் தொழில். புதிதாக வாங்கிய ஆக்டிவ் ஸ்பீக்கரோடு என்னிடம் வருகிறவர்களில் பலருடைய ஸ்பீக்கரில் ஒரு கோளாறும் இருப்பதில்லை.

முதலாவது 'ம்ம்ம்' என்று விடாமல் கேட்கும் இரைச்சல். சென்ற மாதம் ஒரு வீட்டில், கடையில் இரண்டு ஜோடி மாற்றிக் கொடுத்தும் இரைச்சல் போகவில்லை. நான் போய் செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருந்த கேபிள் டிவி வயரைக் கழற்றினேன். சட்டென்று நின்றது. அந்தக் கேபிள் வெளியே எங்கோ எர்த் ஆகியிருக்கும், ஸ்பீக்கர் வீட்டு பிளக்கில் எர்த் ஆகியிருக்கும். இரண்டும் ஆடியோ வயர் வழியாகச் சேரும்போது ஒரு வளையம் உண்டாகி, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதில் நுழைந்துவிடுகிறது. ஆப்டிகல் வயரில் போவது வெறும் வெளிச்சம். செம்பு இல்லை, வளையமும் இல்லை. அதற்கு மாற்றிவிட்டு வந்தேன். இதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

இரண்டாவது, ஆப்டிகல் போட்டும் சத்தமே இல்லை என்ற புகார். டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட் 'ஆட்டோ' அல்லது ஒலியைச் சுருக்கி அனுப்பும் 'டால்பி' என்று இருக்கும். இந்த விலையில் வரும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றுக்கு டால்பியைப் பிரித்தெடுக்கத் தெரியாது. சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலியான 'பிசிஎம்' என்று மாற்றுங்கள், பேசும். அதோடு வயரின் இரு முனையிலும் பொடியாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமலே செருகிவிட்டு எனக்குப் போன் செய்தவர்கள் நிறைய.

ப்ளூடூத்தை டிவிக்குப் பயன்படுத்தாதீர்கள். உதடு முன்னால் போகும், குரல் பின்னால் வரும்.

பாளையங்கோட்டையிலிருந்து

கோயம்புத்தூர் அண்ணா சொன்ன ஆப்டிகல் எங்கள் வீட்டிலும் இருந்தது. இரைச்சல் இல்லைதான். ஆனால் ஆப்டிகலில் போட்டால் பல டிவிகளில் டிவி ரிமோட்டால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. ஸ்பீக்கர் ரிமோட்டைத் தேட வேண்டும். என் மாமியாருக்கு ஒரு ரிமோட்டே அதிகம். இரண்டாவதைக் கையில் கொடுத்ததும், "எனக்குப் பழைய சத்தமே போதும் தாயி" என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எச்டிஎம்ஐ ஏஆர்சி, அதாவது டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயர் வழியாகவே ஸ்பீக்கருக்கு அனுப்பும் வசதி, உள்ள ஜோடியாகப் பார்த்து மாற்றினோம். டிவி ரிமோட்டே இரண்டையும் கவனித்துக்கொள்கிறது. ஏஆர்சி 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த வசதி. இன்று சாதாரண ஸ்மார்ட் டிவியிலும் ஒரு துளைக்குப் பக்கத்தில் 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கும். கடைக்குப் போவதற்கு முன் டிவியின் பின்னால் டார்ச் அடித்து இதைப் பார்த்துவிடுங்கள். வாட், அங்குலம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முந்தைய ஜோடியில் இன்னொரு தொல்லையும் இருந்தது. மின்சாரம் மிச்சம் பிடிக்க, ஒலி இல்லாவிட்டால் தானாக உறங்கிவிடும். இரவில் பிள்ளை தூங்குகிறானே என்று சத்தத்தைத் தாழ்த்தி வைத்தால், ஒலியே இல்லை என்று அதுவாக நினைத்துக்கொண்டு சீரியல் நடுவில் அணைந்துவிடும். அந்த வசதியை நிறுத்திவைக்க முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

சுவர் விஷயம் யாரும் சொல்லவில்லையே! பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் ஊதிப்போய் வசனத்தை விழுங்கிவிடும். எங்களுக்கு முன்னால் இழுக்க இடமில்லை. பழைய காலுறையைச் சுருட்டி அந்த ஓட்டையில் அடைத்தேன். என் கணவர் சிரித்தார், பிறகு கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். தரை டைல்ஸ், சுவர் வெறும் சிமெண்ட் என்றால் கை தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று எதிரொலித்தால் எவ்வளவு விலை கொடுத்தாலும் ஒலி கூசும். ஒரு ஜமுக்காளமும் தடித்த திரைச்சீலையும் போட்டபின் ட்ரெபிளைக் குறைக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

சேலத்திலிருந்து

எல்லாம் சரி. என் கட்சி டிவிக்குக் கீழே நீளமாக வைக்கும் ஒற்றை ஸ்பீக்கரான சவுண்ட்பார்தான். இரண்டு ஸ்பீக்கரில் நடுவில் உட்காருகிறவருக்கு மட்டும்தான் வசனம் திரையிலிருந்து வருவதுபோல் இருக்கும். ஓரத்தில் உட்காருகிற எனக்கு எல்லாக் கதாபாத்திரங்களும் இடது பெட்டிக்குள் நின்று பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் நடு இடம் அப்பாவுக்கு. அதில் மாற்றம் வராது.

மீண்டும் வேளச்சேரியிலிருந்து

பாளையங்கோட்டை சகோதரிக்கு நன்றி. காலுறை வேலை செய்கிறது. பேஸ் திருகைப் பாதிக்குக் கீழே வைத்திருந்தேன், இப்போது நடுவிலேயே நிற்கிறது.

சேலம் நண்பர் சவுண்ட்பாருக்குச் செலவு செய்யும் முன் இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு பெட்டிகளையும் நன்றாக உட்புறமாகத் திருப்புங்கள், அவை பார்க்கும் கோடுகள் சோபாவுக்கு ஓரடி முன்னாலேயே வெட்டிக்கொள்ளும்படி. இடது ஓரத்தில் இருப்பவர் இடது பெட்டிக்கு அருகில் இருந்தாலும் அது அவரைத் தாண்டிப் பார்க்கும். தூரத்து வலது பெட்டி நேராக அவரைப் பார்க்கும். முழுவதும் சரியாகாது, ஆனால் குரல் பெட்டியை விட்டுத் திரைப்பக்கம் நகரும். ட்வீட்டர் காது உயரத்துக்கு வராவிட்டால் முன்பக்கத்தின் அடியில் ரப்பர் துண்டு வைத்துக் கொஞ்சம் நிமிர்த்துங்கள்.