எம்பி4 கல்யாண வீடியோவைப் பழைய டிவிடி பிளேயரில் ஓட வைப்பது எப்படி?

வைகைக்கரை:
வணக்கம் நண்பர்களே. அக்கா கல்யாண வீடியோவை ஸ்டுடியோவில் பென் டிரைவில் கொடுத்திருக்கிறார்கள். ஒரே எம்பி4 ஃபைல், 2 மணி 10 நிமிடம், 11 ஜிபி. கம்ப்யூட்டரில் ஓடுகிறது. ஊரில் அம்மாச்சி வீட்டில் இருப்பது யுஎஸ்பி துளை உள்ள பழைய டிவிடி பிளேயரும் டியூப் டிவியும்தான். இந்த பென் டிரைவைச் செருகினால் பிளேயர் கண்டுகொள்வதே இல்லை. இன்னொரு சின்ன பென் டிரைவில் 3 நிமிடத் துண்டை மட்டும் வெட்டிப் போட்டால் பெயர் தெரிகிறது, ஆனால் இந்த ஃபார்மட் ஓடாது என்கிறது. ஃபைல் பெயரின் கடைசியில் ஏவிஐ என்று மாற்றியும் அதே கதைதான். ஃபைலின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் வீடியோ ஏவிசி, 1920×1080, 25 ஃபிரேம். ஆடியோ ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ். என்ன செய்யலாம்?

செம்மண்:
இதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன.

முதலாவது பென் டிரைவ். 11 ஜிபி ஃபைல் அதில் ஒரே துண்டாக உட்கார்ந்திருக்கிறது என்றால் அதில் ஃபைல்களை அடுக்கும் முறை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆகத்தான் இருக்கும். பழைய பிளேயர்களுக்குத் தெரிந்தது ஃபேட்32 மட்டுமே. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த டிரைவ் ஒன்றை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் வீடியோ. எம்பி4, ஏவிஐ எல்லாம் வெறும் டப்பா. பெயரை மாற்றினால் டப்பாவின் லேபிள்தான் மாறும். உள்ளே இருப்பது ஏவிசி, அதாவது எச்.264. அந்த பிளேயரில் வீடியோவைப் பிரித்துக் காட்டுவது ஒரு சிப். அதற்கு எம்பெக்-1, எம்பெக்-2 தெரியும். முன்பக்கம் டிவ்எக்ஸ் முத்திரை இருந்தால் எம்பெக்-4 ஏஎஸ்பியும் தெரியும். எச்.264-ஐப் பிரிக்கும் சுற்றே அதில் இல்லாததால் அப்டேட் போட்டும் பயனில்லை.

முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பென் டிரைவிலேயே ஓட்டலாம். வீடியோவை மாற்றித் தரும் அவிடெமக்ஸ் மென்பொருள் இலவசம், அது போதும். ஃபைலைத் திறந்து வீடியோ அவுட்புட்டில் எம்பெக்-4 ஏஎஸ்பி, எக்ஸ்விட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபில்டரில் ரீசைஸ் 720×400. கணக்குப்படி 405 வர வேண்டும். ஆனால் நீள அகலம் இரண்டும் 16-ஆல் வகுபட்டால்தான் பழைய சிப்புகள் வம்பு செய்யாது. டூ-பாஸ் (இரண்டு முறை ஓடி மாற்றுவது), பிட்ரேட் (விநாடிக்கான டேட்டா அளவு) 1800 கேபிபிஎஸ். ஆடியோ எம்பி3, 160 கேபிபிஎஸ், கண்டிப்பாக சிபிஆர் (மாறாத பிட்ரேட்). விபிஆர் (மாறும் பிட்ரேட்) வைத்தால் பல பிளேயர்களில் போகப்போக உதடும் சத்தமும் விலகும். கடைசியில் அவுட்புட் ஃபார்மட் ஏவிஐ.

எக்ஸ்விட் அமைப்புக்குள் போய் குவார்ட்டர் பிக்சல், ஜிஎம்சி இரண்டையும் அணைத்துவிடுங்கள். இவை இருந்தால் கம்ப்யூட்டரில் பளிச்சென்று ஓடும், பிளேயரில் படம் கட்டம் கட்டமாக உடையும் அல்லது சத்தம் மட்டும் வரும். பி-ஃபிரேம் 1 போதும்.

இந்தக் கணக்கில் 2 மணி 10 நிமிடத்துக்கு, அதாவது 7,800 விநாடிக்கு ஏறக்குறைய 1.9 ஜிபி வரும். 2 ஜிபிக்கு மேற்பட்ட ஏவிஐயில் சில பழைய பிளேயர்கள் பாதியில் நிற்கும் என்பதால் அதற்குள் அடக்கியிருக்கிறேன். முகூர்த்தம் ஒன்று, வரவேற்பு ஒன்று என்று இரண்டு ஃபைலாக வெட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது. வயதானவர்களுக்கு ரிமோட்டில் நீளமாக ஓட்டித் தேடுவது சிரமம்.

ஒளிநாடா:
செம்மண் சொன்னது சரி. ஆனாலும் பெரியவர்கள் வீட்டுக்கு என்றால் டிஸ்க்காகவே எழுதிக் கொடுங்கள் என்பேன். முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். போட்டவுடன் தானாகவே தொடங்கும்.

வீடியோ டிவிடிக்கு விதி கறாரானது. வீடியோ எம்பெக்-2. நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறையில் 720×576, விநாடிக்கு 25 ஃபிரேம். ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸில் ஏசி3, எம்பி2 அல்லது பிசிஎம், ஏஏசி கிடையாது. உங்கள் ஃபைல் 25 ஃபிரேம் என்பதால் பாலுக்கு அப்படியே பொருந்துகிறது.

பிட்ரேட்டை மென்பொருளின் கையில் விடாமல் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். 4.7 ஜிபி டிஸ்க்கில் 3,760 கோடி பிட். விண்டோஸ் இதையே 4.37 என்று காட்டும், பயப்பட வேண்டாம். மெனு, கட்டமைப்பு ஆகியவற்றுக்கு 4 சதவீதம் ஒதுக்கி 7,800-ஆல் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 4,600 கிலோபிட். ஆடியோவுக்கு 224 போனால் வீடியோவுக்கு 4,400 மீதி. டியூப் டிவிக்கு இது தாராளம். உச்சவரம்பு 9,800, ஆனால் கைப்பட எழுதும் டிஸ்க்கில் 8,000-ஐத் தாண்டாதீர்கள், தேய்ந்த லென்ஸ் உள்ள பிளேயர் திணறும்.

டிவிடி தயாரிக்கும் டிவிடி ஸ்டைலர் மென்பொருளில் புதிய ப்ராஜெக்ட், பால், 16:9, ஏசி3. ஃபைலை இழுத்துப் போட்டு 10 நிமிடத்துக்கு ஒரு சாப்டர் வையுங்கள். நேராக டிஸ்க்கில் எழுதாமல் முதலில் ஐஎஸ்ஓ (முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலாக) உருவாக்கி விஎல்சியில் ஓட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் டிஸ்க் எழுதும் இம்ஜ்பர்ன் மென்பொருளில் எழுதலாம். டிவிடி-ஆர் வாங்குங்கள், எழுதி அழிக்கும் ஆர்டபிள்யூ வகையைப் பல பழைய லென்ஸ்கள் படிக்காது. வேகம் 4 அல்லது 8, வெரிஃபை டிக் இருக்கட்டும்.

விண்டோஸில் காலி டிஸ்க் போட்டதும் பென் டிரைவ் மாதிரி பயன்படுத்தவா என்று கேட்கும். அதற்குச் சரி சொல்லி எம்பி4-ஐ இழுத்துப் போட்டால், நோ டிஸ்க் என்றுதான் பிளேயரில் வரும். நிறைய பேர் இங்கேதான் டிஸ்க்கை வீணாக்குகிறார்கள்.

டிவி 4:3 என்பதால் பிளேயர் செட்டப்பில் டிவி வகையை 4:3 லெட்டர்பாக்ஸ் (மேலும் கீழும் கறுப்புப் பட்டை) என்று வையுங்கள். இல்லாவிட்டால் மாப்பிள்ளை, பொண்ணு எல்லோரும் ஒல்லியாக நீண்டு தெரிவார்கள். டிஸ்க் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். சுழலும்போது எடை ஒருபக்கம் சாய்ந்து கடைசிப் பகுதியில் திக்கும். சிடி மார்க்கரில் பெயர் எழுதினால் போதும்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. முத்திரை இல்லை, அதனால் டிஸ்க்தான். ஐஎஸ்ஓ போட்டுப் பார்த்தேன், கல்யாண வீடியோ அருமையாக வருகிறது. சித்தப்பா போனில் எடுத்த வரவேற்புத் துண்டுகளையும் சேர்த்தேன். அவற்றில் மட்டும் சத்தம் பிந்துகிறது, சில துண்டுகள் படுத்த மாதிரி வருகின்றன.

நெய்தல்_77:
போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம்ரேட் மோட் என்ற வரியில் வேரியபிள் என்று இருக்கும்; வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் 30-லிருந்து 24 வரைகூட இறங்கும். டிவிடிக்கு மாற்றும்போது எல்லா ஃபிரேமும் ஒரே இடைவெளி என்று எடுத்துக்கொண்டால் சத்தம் விலகத்தான் செய்யும்.

அந்தத் துண்டுகளை மட்டும் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போடுங்கள். வீடியோ தாவலில் ஃபிரேம்ரேட் 25, கீழே கான்ஸ்டன்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தரம் ஆர்எஃப் 16 (எண் குறைந்தால் தரம் கூடும்). மறுபடியும் ஒருமுறை மாற்றப் போவதால் இங்கே தரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். படுத்திருக்கும் துண்டுகளும் இதிலேயே நிமிரும். போன் படத்தைத் திருப்பிப் பதிவதில்லை, திருப்பிக் காட்டு என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைக்கிறது. ஹேண்ட்பிரேக் அதைப் படித்து நிஜமாகவே திருப்பிவிடும். நெட்டுக்குத்தாக எடுத்தவற்றுக்கு இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், அதைப் பெரிதாக்கி வெட்ட வேண்டாம். பிறகு அந்த ஃபைல்களை டிவிடி ஸ்டைலரில் சேருங்கள்.

30-ஐ 25 ஆக்கினால் ஆறில் ஒரு ஃபிரேம் போய்விடும். கேமராவை வேகமாகத் திருப்பும் இடங்களில் லேசாக வெட்டி வெட்டி ஓடும். அது உறுத்தினால் போன் துண்டுகளை மட்டும் அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் 720×480, 29.97 என்று தனி டிஸ்க்காக எழுதுங்கள். ஒரே டிஸ்க்கில் இரண்டு முறையையும் கலக்காதீர்கள். பெரும்பாலான பிளேயர்கள் இரண்டையும் ஓட்டும்; டியூப் டிவிதான் சந்தேகம். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் டிவிக்கு என்டிஎஸ்சி கலர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்போது பிளேயர் செட்டப்பில் டிவி சிஸ்டத்தை ஆட்டோவிலிருந்து பாலுக்கு மாற்றினால் பிளேயரே மாற்றி அனுப்பும்.

இவற்றைச் சேர்த்தபின் மொத்த நேரம் கூடும் என்பதால் 4,400 என்ற கணக்கையும் திருத்துங்கள். 150 நிமிடம் ஆனால் 3,700 பக்கம் இறங்க வேண்டும்.