புதுப்பிப்பு: இத்தாலி முதுகலைக்குப் பட்டச் சான்றிதழ் அப்போஸ்டில், வேலை முடிந்தது

அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டிலும் செல்லுபடியாக அதன் மீது ஒட்டித் தரும் அரசுச் சான்று ஸ்டிக்கர்) வாங்க, பட்டச் சான்றிதழை நேராக வெளியுறவு அமைச்சகத்திடம் கொடுத்தால் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

போதாது. "முதலில் மாநில உயர்கல்வித் துறையின் சான்றொப்பம், அப்புறம்தான் அமைச்சகம்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அந்த வழிதான் பலித்தது. 2005 முதல் இந்தியா ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது, இத்தாலியும் இருக்கிறது. அதனால் தூதரக முத்திரை தனியாகத் தேவைப்படவில்லை.

எதிர்பாராத சிக்கல் லேமினேஷன். சான்றிதழ் கெடக்கூடாதென்று அப்பா அன்றே லேமினேட் செய்து வைத்திருந்தார். பின்பக்கம் முத்திரை வைக்கவும் ஸ்டிக்கர் ஒட்டவும் வெறும் காகிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரர் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உரித்தெடுக்க அரை மணி நேரமானது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மூலையில் மட்டும் லேசாகக் கிழிந்தது, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். தயவுசெய்து யாரும் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள், பிளாஸ்டிக் உறை போதும்.

அப்போஸ்டில் வாங்கிய பிறகே சான்றிதழை இத்தாலிய மொழிபெயர்ப்புக்குக் கொடுத்தேன். அந்த ஸ்டிக்கரில் இருப்பதும் சேர்த்து மொழிபெயர்க்கப்பட்டது.