அம்மப்பாவின் கட்டுரைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது?

கேள்வி

வணக்கம். என் அம்மப்பா அராலியில் இருந்து யாழ்ப்பாணப் பத்திரிகைகளுக்கு நாற்பது வருடம் எழுதியவர். கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா மிதிப்பது, சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவது, பரவைக்கடலில் தடி நட்டு வலை கட்டும் களங்கட்டியில் இறால் படும் இரவுகள், ஆடிக்கூழ், பரவைக்கடலுக்கு வரும் பூநாரைகள் என்று எதையும் விடவில்லை. ஒடியற்கூழைப் பற்றி எழுதினால், மாவை ஊறவைத்துக் கைப்புப் போகப் பிழிவதில் இருந்து தொடங்குவார். தான் செய்து பார்க்காத ஒன்றையும் எழுதியதில்லை.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த பிறகு பத்திரிகை நறுக்குகளை வீட்டிலேயே சேர்த்தார். 1995 இடப்பெயர்வில் உடுப்பை விட்டுவிட்டு அந்த றங்குப்பெட்டியைத்தான் சைக்கிளில் கட்டிக்கொண்டு சாவகச்சேரிக்குப் போனாராம். இப்போது என்னிடம் 140 நறுக்குகள் இருக்கின்றன. ஓரம் வெட்டியபோது திகதிகளும் போய்விட்டன. புத்தகமாக்க ஆசை. எந்த ஒழுங்கில் வைப்பது?

மறுமொழி 1

முதலில் ஒவ்வொன்றையும் ஸ்கான் செய்யுங்கள் தங்கச்சி. பசை, செலோடேப் எதுவும் வேண்டாம், தாள் பழுத்து உடையும். ஒரு பிரதியை நூலகம் இணையத்தளத்துக்கும் கொடுங்கள். 2005இல் இருந்து நம் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் அவர்கள்தான் காப்பாற்றி வருகிறார்கள்.

மறுமொழி 2

உங்கள் அம்மப்பாவை வாசித்து வளர்ந்தவன் நான். அவர் கட்டுரையில் முதல் நாலு வரிக்குள் காற்று வந்துவிடும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று பருவத்துக்குப் பருவம் மாறி வீசும் காற்றுகளின்படி பிரித்துப் பாருங்கள். கடற்கரைச் சனங்களுக்கு அதுதான் கலண்டர், திகதி தேவையில்லை.

கேள்வி கேட்டவர்

அண்ணை, நேற்றிரவு விறாந்தையில் பாயை விரித்து அப்படியே அடுக்கினேன். பூநாரையும் பனங்கிழங்கும் வாடைக்குள் போயின. பனம்பழம் சோழகத்துக்குள். சைக்கிள் ஒட்டுக்கு எங்கே காற்று என்று நினைத்தேன். பார்த்தால், பண்ணைப் பாலத்தில் சோழகம் நெஞ்சில் அறைய, மண்டைதீவுப் பக்கம் உழக்கிக்கொண்டு போகும்போதுதான் டியூப் வெடித்திருக்கிறது! இத்தனை தரம் வாசித்தும் எனக்கு இது பிடிபடவில்லை. மிக்க நன்றி.

ஒன்று மட்டும் மிஞ்சியது. சாவகச்சேரியில் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் இருந்து எழுதியது. அதில் காற்றே இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "நாங்கள் நாவற்குழிப் பாலம் கடக்கும்போது மழையடா மழை. வாடைக்குள் வை" என்றா.