காலிப்பர் போல்ட்: பிரேக்கைப் பெரிதாக்கும்போது பழையதையே போடலாமா?

கல்லட்டி_36

வணக்கம். உதகையில் வசிக்கும் நான் வாரத்துக்கு இரண்டு முறையாவது கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் மசினகுடிக்கு இறங்குகிறேன். இரண்டாம் கியரில் இறங்கினாலும் பாதி வழியிலேயே பிரேக் மிதி மெத்தென்று ஆகிவிடுகிறது. ஆகவே முன்சக்கரங்களில் இருக்கும் 256 மி.மீ. டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு, 288 மி.மீ. டிஸ்க்கும் அதை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் கொண்ட தொகுப்பை வாங்கியிருக்கிறேன். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிணைக்கும் எம்12 (12 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுகளைப் பழையபடியே போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். கார் ஒன்பது ஆண்டு ஓடியது. போல்ட் தலையில் அதன் வலுவின் தரம் 10.9 என்று பொறித்திருக்கிறது. கையேடு 100 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கச் சொல்கிறது; ஒருமுறை கழற்றினால் மாற்ற வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. மாற்ற வேண்டுமா? மாற்றினால் இன்னும் வலுவான 12.9 போடலாமா?

கோவைப்_பட்டறை

கட்டாயம் மாற்றுங்கள். 22 ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். பிரேக் போல்ட்டில் மட்டும் நான் பழையதைத் திரும்பப் போட்டதில்லை. ஒன்பது ஆண்டுகளில் அந்த போல்ட்டை எத்தனை பேர், எந்தக் கருவியால், எவ்வளவு இறுக்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. போல்ட்டை இறுக்கும் காற்றுத் துப்பாக்கியால் ஒருமுறை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் இரும்பு நீண்டிருக்கும். வெளிப்பார்வைக்கு அது தெரியாது. போல்ட் தளராதிருக்க ஆலையில் மரையில் பூசி அனுப்பிய பூட்டுப்பசையும் முதல்முறை கழற்றியதோடு போய்விடும். தொகுப்புக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் நான்கு போல்ட்டுக்குச் சில நூறு ரூபாய் கொடுக்கத் தயங்கக் கூடாது. பெரிய பிரேக் என்பதால் 12.9 போடுவதே நல்லது.

மரையளவு

பட்டறை ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் “பெரிய பிரேக், ஆகவே வலுவான போல்ட்” என்ற முடிவு தவறான இடத்தில் தொடங்குகிறது. கணக்கைப் பாருங்கள்.

ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ உள்ள காரை 0.9 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.9 மடங்கு) வேகக்குறைப்பில் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். அந்த விசையில் 72 விழுக்காடு முன்சக்கரங்களுக்குப் போனால், ஒரு சக்கரத்தில் தரை தரும் விசை சுமார் 3.5 கிலோநியூட்டன். டயரின் ஆரம் 290 மி.மீ.; பேட் பிடிக்கும் இடத்தின் ஆரம் 256 டிஸ்க்கில் ஏறக்குறைய 105 மி.மீ. ஆக, காலிப்பரைச் சுழற்றி இழுக்கப் பார்க்கும் விசை 9.7 கிலோநியூட்டன். 288 டிஸ்க்கில் அந்த ஆரம் 121 மி.மீ. ஆகிவிடுவதால் விசை 8.4 ஆகக் குறைகிறது. அதே டயர், அதே சாலை என்றால் தரையின் பிடிதான் எல்லை. டிஸ்க் பெரிதானால் போல்ட்டின் சுமை கூடுவதில்லை.

இந்த விசையை போல்ட்டின் தண்டு குறுக்கே நின்று தாங்குவதும் இல்லை. 100 நியூட்டன் மீட்டரில் இறுக்கிய எம்12 போல்ட் ஏறத்தாழ 45 கிலோநியூட்டன் விசையோடு இரு பரப்புகளையும் அழுத்துகிறது. ஒரு சக்கரத்தின் இரண்டு போல்ட்டுகளுக்குமாக 90, உராய்வுக் கெழு 0.15 என்றால் 13.5 கிலோநியூட்டன் வரை பிராக்கெட் நகராது. இறுக்கம் பாதியானால் அது 6.7 ஆகிவிடும், அப்போது ஒவ்வொரு மிதிக்கும் பிராக்கெட் நூலிழை அளவு நகர்ந்து நகர்ந்து போல்ட்டைத் தளர்த்தும், வளைக்கும், கடைசியில் முறிக்கும். காலிப்பர் கழன்ற வண்டிகளில் நான் பார்த்ததெல்லாம் தளர்ந்த போல்ட்டுகளே. கையேடு அனுமதிக்கும் நல்ல 10.9 போல்ட்டைச் சுத்தம் செய்து, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சரியாக இறுக்கினால் போதும்.

(மிதி மெத்தென்று ஆவது பெரும்பாலும் பிரேக் எண்ணெய் கொதிப்பதன் அறிகுறி. டாட் 4 தரத்தில் புதிய எண்ணெய் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 தான். தொகுப்பைப் பொருத்தும் நாளிலேயே எண்ணெயையும் மாற்றிவிடுங்கள்.)

உப்புக்காற்று

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். மரையளவு ஐயா சொல்லும் “நல்ல போல்ட்” எங்கள் ஊரில் ஐந்தாம் ஆண்டே கிடைக்காது. சென்ற ஆண்டு என் காரில் கழற்றிய நான்கில் இரண்டின் கழுத்தில் துரு குழிகுழியாக அரித்திருந்தது. அந்தக் குழிகளில்தான் விரிசல் பிறக்கும். மேலும், துருப்பிடித்த மரை ரெஞ்சின் முறுக்கைத் தானே தின்றுவிடும். ரெஞ்ச் 100 காட்டும், பரப்புகளுக்கு இடையே அதற்குரிய அழுத்தம் இருக்காது. உங்கள் கணக்கிலுள்ள 45 கிலோநியூட்டன் புதிய மரைக்குத்தான் பொருந்தும்.

கோவைப்_பட்டறை

இதைத்தான் சொல்ல வந்தேன். இன்னொன்றும் உண்டு. புதிய பிராக்கெட் காலிப்பரைப் பழைய இடத்திலிருந்து வெளியே தள்ளி நிறுத்துகிறது. விசை குறைந்தாலும் நெம்புகோலின் கை நீள்கிறது. போல்ட்டுகளைப் பிடுங்கி இழுக்கும் விசை அதனால் கூடும். அதை உங்கள் கணக்கு சேர்க்கவில்லை.

மரையளவு

சேர்க்கவில்லை, அது என் கணக்கின் குறைதான். துருவைப் பற்றி உப்புக்காற்று சொன்னதையும் ஏற்கிறேன்: அரித்த போல்ட்டை எறிந்துவிட வேண்டும்.

12.9 பற்றி மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவ்வளவு கடினமான எஃகுக்கு மின்முலாமாகத் துத்தநாகம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து தங்கிவிடக் கூடும். அப்படிப்பட்ட போல்ட் இறுக்கும்போது ஒன்றும் காட்டாது. சில மணி நேரமோ சில நாளோ கழித்து, வண்டி நின்ற இடத்திலேயே தலை தெறிக்கும். கடையில் பளபளவென்று மின்னும் 12.9 கிடைத்தால் வாங்காதீர்கள்.

கல்லட்டி நண்பரே, இதையெல்லாம் விட முதன்மையான கேள்வி ஒன்று இருக்கிறது. புதிய பிராக்கெட் எந்த உலோகம்? பழைய போல்ட் அதற்குள் கையால் எத்தனை சுற்றுப் போகிறது? மரையின் இடைவெளி 1.25 மி.மீ. என்றால், எண்ணிச் சொல்லுங்கள்.

கல்லட்டி_36

இன்று மாலை அளந்தேன். என் காரில் போல்ட் நக்கிளின் காதை (துளையுள்ள நீட்சியை) கடந்து பிராக்கெட்டின் மரைக்குள் போகிறது. தலைக்குக் கீழே நீளம் 35 மி.மீ.; காதின் தடிமன் 20. பழைய இரும்பு பிராக்கெட்டுக்குள் 15 மி.மீ., அதாவது 12 சுற்று போயிருக்கிறது. புதிய பிராக்கெட்டோ அலுமினியம். மரையில் எஃகுச் செருகு எதுவும் இல்லை. இடைவெளிக்காக 4 மி.மீ. வாஷர் ஒன்றும் தந்திருக்கிறார்கள். அதையும் சேர்த்துப் போட்டால் ஒன்பது சுற்றுக்கும் குறைவாகவே, வெறும் 11 மி.மீ. மட்டுமே உள்ளே போகிறது.

மரையளவு

அப்படியானால் பழைய போல்ட் இந்த வேலைக்கு ஆகாது. இரும்பில் விட்டத்தின் அளவுக்கு, அதாவது 12 மி.மீ. மரை பிடித்தால் ஓரளவு ஒப்பலாம். அலுமினியத்தில் குறைந்தது ஒன்றரை மடங்கு, 18 மி.மீ. வேண்டும். 11 மி.மீ.யில் 100 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. பிராக்கெட்டின் மரை உரிந்துகொண்டு வந்துவிடக் கூடும். நீங்கள் அதில் 12.9 போட்டிருந்தாலும் உரிவது அதே அலுமினியம்தான்.

45 மி.மீ. நீளமுள்ள 10.9 வாங்குங்கள், 21 மி.மீ. உள்ளே போகும். பிராக்கெட்டின் தடிமனை அளந்து, போல்ட்டின் நுனி டிஸ்க் பக்கமாக வெளியே நீட்டவில்லை என்று உறுதி செய்த பிறகே இறுக்குங்கள். முறுக்கின் அளவைக் காரின் கையேட்டில் பார்க்காமல், தொகுப்பைத் தயாரித்தவரிடம் கேளுங்கள். மரைக்குச் செம்பு கிரீஸ் பூசாதீர்கள். உலர்ந்த மரைக்குச் சொன்ன முறுக்கை வழுக்கும் மரைக்குக் கொடுத்தால் இழுவிசை எல்லை மீறும்.

கோவைப்_பட்டறை

புதிய போல்ட் என்ற முடிவுக்கு நீங்களும் வந்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் நான் சொன்ன காரணம் வேறு. பிராக்கெட் இரும்பாகவே இருந்து, நீளமும் சரியாக இருந்தாலும் மாற்றத்தான் சொல்லியிருப்பேன். உங்களிடம் டார்க் ரெஞ்ச் இருக்கிறது, கண்ணுக்குப் பழக்கமும் இருக்கிறது. என்னிடம் வேலை கற்கும் பையனிடம் “நல்லதா என்று பார்த்துப் போடு” என்று சொல்லிவிட்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியாது. 12.9 பற்றிச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

மரையளவு

பட்டறைக்கான விதியாக அதை ஏற்கிறேன், ஐயா. தன் காரைத் தானே கழற்றிப் பார்க்கிறவருக்கும் அதே விதி என்றால் ஏற்கமாட்டேன். மாற்றுவதற்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் அதே 35 மி.மீ. நீளத்தில் புதிதாக வாங்கிப் போட்டிருந்தால், இவர் அந்த 11 மி.மீ. மரையை நம்பித்தான் கல்லட்டியில் இறங்கியிருப்பார்.

கல்லட்டி_36

பிராக்கெட்டின் தடிமன் 22 மி.மீ.; 45 மி.மீ. போல்ட்டின் நுனி 1 மி.மீ. உள்ளேயே நிற்கிறது. நடுத்தர வலுவுள்ள நீலப் பூட்டுப்பசையைத் தொகுப்புக்காரர் சொன்ன அளவில் இட்டு, அவர் கொடுத்த முறுக்கில் இறுக்கி, தலையிலிருந்து காது வரை வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டிருக்கிறேன். மூன்று முறை மசினகுடிக்கு இறங்கி ஏறியபின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். நான்கு கோடுகளும் நேராக இருந்தன.

பழைய நான்கு போல்ட்டுகளிலும் புதிய நட் ஒன்றைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். மூன்றில் தடையின்றிக் கடைசி வரை ஓடியது. ஒன்றில், முன்பு பிராக்கெட்டுக்குள் நுழைந்த இடத்தருகே சிக்கிக்கொண்டு அதற்கு மேல் போகவில்லை.